புகார் நோட்டில் காலியாகக் கிடக்கும் கட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் பெரும்பாலான நர்சிங் ஹோம்களில் ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் ஒரு நீளப் புகார் நோட்டு இருக்கும். தேதி, நோயாளி பெயர், ஐ.பி. நம்பர், புகார், எடுத்த நடவடிக்கை, கையெழுத்து என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார்கள். 'எடுத்த நடவடிக்கை' கட்டத்தை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தால் இரண்டு வாசகம்தான் மாறி மாறி வரும். 'நோயாளியிடம் பேசி சமாதானம் செய்யப்பட்டது.' 'ஊழியருக்கு அறிவுரை கூறப்பட்டது.' பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும்: 'இதனால் எதை மாற்றினோம்?' பல நோட்டுகளில் அந்தக் கட்டமே கிடையாது. இருக்கிற இடத்தில் காலியாகக் கிடக்கும். சமாதானமானவர் வீட்டுக்குப் போய்விடுவார். அவர் படுத்த கட்டிலுக்கு மறுநாள் இன்னொருவர் வருவார், அதே பாட்டை அவரும் படுவார்.

ரொம்ப சாதாரணமான ஒரு புகாரையே எடுத்துக்கொள்வோம். 'காலையில 9 மணிக்கே டாக்டர் வீட்டுக்குப் போலாம்னுட்டார். வெளியில வர்றப்ப சாயங்காலம் 6 மணி.' இதை 'டிஸ்சார்ஜ் தாமதம்' என்று எழுதிக்கொண்டு பில்லிங் கவுண்டர் பையனை நாலு வார்த்தை திட்டிவிட்டு மூடிவிடலாம். அல்லது அந்த 9 மணி நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கலாம். பார்த்தால் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் வரும். டூட்டி டாக்டர் மற்றக் கட்டில்களை எல்லாம் முடித்துவிட்டு டிஸ்சார்ஜ் சம்மரி எழுத உட்கார்ந்தது 11.30. பெரிய டாக்டர் ஓ.பி.யில் இருந்ததால் கையெழுத்து விழுந்தது 12.45. மிஞ்சிய மருந்து, சிரிஞ்சு, சலைன் பாட்டில்களை ஃபார்மசியில் திருப்பிக் கொடுக்க அட்டெண்டர் சாப்பிட்டுவிட்டு வந்தது 2 மணி. ரிட்டர்ன் கணக்கில் ஏறாமல் பில்லை மூட முடியாது. பில் கைக்கு வந்தது 2.40. இன்சூரன்ஸ் டெஸ்க் அதை அனுப்பியது 3 மணி. அனுமதி வந்தது 5.30. மீதிப் பணம் கட்டி, கேட் பாஸ் வாங்கி, ஆட்டோ ஏறும்போது 6.

கவுண்டரில் சொல்லப்படும் பதில், 'இன்சூரன்ஸ்காரங்கதான் லேட் சார்.' கணக்கைப் பாருங்கள். இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டது இரண்டரை மணி நேரம். ஆஸ்பத்திரியிலிருந்து கோரிக்கை வந்து 3 மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதத்தில் சொல்லியிருக்கிறது. அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரி போடும் கூடுதல் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். ஆனால் அந்த 3 மணி நேரம் ஓட ஆரம்பிப்பது கோரிக்கை போன பிறகுதான். இந்தக் கணக்கில் 6 மணி நேரம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே கரைந்திருக்கிறது. பில்லிங் பையனுக்கு இதில் பங்கு 40 நிமிடம்.

எதை மாற்றலாம்? நாளைக்கு வீட்டுக்குப் போகக்கூடியவர் யார் என்பது முந்தின நாள் மாலை ரவுண்ட்ஸிலேயே ஏறக்குறைய தெரிந்துவிடும். சம்மரியின் வரைவை அன்று இரவே அடித்து வைத்துவிடலாம். காலை டோஸ் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மருந்துகளை இரவே திருப்பிவிடலாம். பெரிய டாக்டர் ஓ.பி.க்குப் போகும் முன் வார்டிலேயே கையெழுத்து வாங்கிவிடலாம். ராத்திரி காய்ச்சல் வந்து டிஸ்சார்ஜ் தள்ளிப்போனால் நஷ்டம் பத்து நிமிட டைப்பிங்தான். இது எதுவும் 'அறிவுரை கூறப்பட்டது' என்பதில் அடங்காது. சர்க்குலர் ஒட்டுவது, பயிற்சி வகுப்பு எடுப்பது இதெல்லாம் பலவீனமான மருந்து. ஆட்கள் மாறியதும் கரைந்துபோகும். படிவத்தை மாற்றுவது, வேலையின் வரிசையை மாற்றுவது, தேவையில்லாத ஒரு படியை எடுத்துவிடுவது, இவைதான் நிற்கும்.

இன்னொரு வகைப் புகார், நம் ஊரில் நம் ஆட்களிடமிருந்து அடிக்கடி வருவது: 'டாக்டர் நான் சொன்னதக் காதுலயே போட்டுக்கல.' அல்சூரிலிருந்தோ ஸ்ரீராமபுரத்திலிருந்தோ ஒரு பெரியம்மா அட்மிட் ஆகிறார். தமிழ் மட்டும்தான். டாக்டர் கன்னடத்துக்காரர், சிஸ்டர் கேரளத்துக்காரர். 'மயக்கமா இருக்கு' என்கிறார் பெரியம்மா. தமிழில் மயக்கம் என்றால் தலைசுற்றலும் ஆகும், கண் இருட்டிக்கொண்டு வருவதும் ஆகும், நினைவு தப்புவதும் ஆகும். மலையாளத்தில் மயக்கம் என்றால் தூக்கக் கலக்கம். சிஸ்டர் நல்ல மனசோடுதான் எழுதுகிறார்: 'நோயாளி தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார்.' இரவு மாத்திரை கொஞ்சம் கூடிவிட்டது போல என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரிகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலை பாத்ரூம் வாசலில் விழுகிறார்.

மகன் எழுதும் புகாரில் 'அலட்சியம்' என்ற சொல்தான் இருக்கும். அலட்சியம் என்று வகைப்படுத்தி சிஸ்டருக்கு மெமோ கொடுத்தால் உண்மையான காரணம் அங்கேயே தங்கிவிடும். 'நெஞ்சு கரிக்குது', 'நெஞ்சு அடைக்குது' இரண்டும் கேஸ் ஷீட்டில் 'நெஞ்சு வலி' என்றே ஏறுவதும் இதே ரகம். முன்னது பெரும்பாலும் வயிற்று அமிலம், பின்னதற்கு உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், ஹிந்தி, உருது என்று நோயாளிகள் வரும் ஊரில், இப்படிக் குழப்பக்கூடிய இருபது முப்பது சொற்களை ஒரு அட்டையில் எழுதி நர்ஸ் ஸ்டேஷனில் மாட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு லேமினேஷன். அதைவிட முக்கியமானது, நோயாளி சொன்ன சொல்லை அப்படியே மேற்கோளில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே நம் விளக்கத்தை எழுதும் பழக்கம்.

புகாரை வகைப்படுத்துவது என்றேன். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த அலெக்ஸ் கில்லெஸ்பியும் டாம் ரீடரும் 2016இல் இதற்கென்றே ஒரு கருவியை, அதாவது வகைப்படுத்தும் பட்டியலை, வெளியிட்டார்கள். மூன்று பெரிய பிரிவு: சிகிச்சை, நிர்வாகம், உறவு. சிகிச்சையில் தரமும் பாதுகாப்பும். நிர்வாகத்தில் சுற்றுப்புறமும் நடைமுறையும். உறவில் காது கொடுத்துக் கேட்பது, தகவல் சொல்வது, மரியாதையும் உரிமையும். ஆக ஏழு. ஒவ்வொன்றுக்கும் தீவிரம் 1 முதல் 3 வரை, 3தான் மோசம். இதில் பிடித்துப்போகிற அம்சம், ஒரே கடிதத்துக்குப் பல வகைகளைக் குறிக்கலாம் என்பது. 'ட்ரிப்ஸ் ஊசி போட்ட கை வீங்கியிருக்குன்னு ராத்திரி பூரா சொன்னோம், சிஸ்டர் எரிஞ்சு விழுந்தாங்க' என்று ஒருவர் எழுதினால், நம் நோட்டில் அது 'ஊழியர் நடத்தை' என்று போகும். சரியாகப் பார்த்தால் மரியாதையில் 1, கேட்பதில் 3, பாதுகாப்பில் 2. வேலை இருப்பது பின்னிரண்டில்.

இனி, ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கு: புகாரைக் கையில் வாங்குவது எப்படி? முதலில் உட்கார வையுங்கள். அவர் முடிக்கும்வரை குறுக்கே பேச வேண்டாம். இது கேட்க எளிது, செய்ய மகா கடினம். ஏனென்றால் மூன்றாவது வாக்கியத்திலேயே 'இல்ல சார், அது வந்து' என்று நம் வாய் திறந்துவிடும். எழுதும்போது அவர் வார்த்தையிலேயே எழுதி, படித்துக்காட்டி, புகார் எண்ணைத் துண்டுச் சீட்டில் கொடுங்கள். 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று நேராகவே கேட்டுவிடலாம். விளக்கமா, மன்னிப்பா, பில்லில் திருத்தமா, மறுசிகிச்சையா? விளக்கம் கேட்டு வந்தவரிடம் தள்ளுபடியை நீட்டினால் அவருக்குச் சந்தேகம்தான் கூடும். புகார் கிடைத்தது என்று தெரிவிக்கக் காலக்கெடு வையுங்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் அது 3 வேலை நாள். சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு போன் செய்ய 24 மணி நேரமே அதிகம்.

அடுத்து விசாரணை. முதல் நாளே சி.சி.டி.வி. பதிவைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். சில வாரங்களில் அதன் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்பு, மருந்து சார்ட், பில் போட்ட நேரம், இவற்றை ஒரே கால வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். ஊழியர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாக உட்கார வைத்தால் சீனியர் சொன்னதே எல்லோருடைய ஞாபகமும் ஆகிவிடும். புகார் வந்த பிறகு கேஸ் ஷீட்டில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தக் கூடாது. விட்டுப்போனதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், 'தாமதப் பதிவு' என்று தலைப்பிட்டு, அன்றைய தேதி, நேரம், கையெழுத்தோடு கீழே எழுதலாம். சிகிச்சையில் குறை இல்லாத வழக்குகூட மை மாறிய ஒரு வரியால் தோற்றுப்போகும். புகார் ஃபைல் தனி, கேஸ் ஷீட் தனி. புகார்க் கடிதத்தைக் கேஸ் ஷீட்டில் கோத்து வைத்தால் அடுத்த முறை அவர் வரும்போது 'அந்தப் பார்ட்டியா' என்றுதான் வரவேற்பு இருக்கும்.

அந்தப் பயம் நோயாளிகளுக்கு முன்பே உண்டு. 'இன்னும் நாலு நாள் இங்கதான் படுத்திருக்கணும், எதுக்கு வம்பு' என்று வாயை மூடிக்கொள்வார்கள். செக்யூரிட்டி மேஜைக்கு நேர் எதிரே, கேமராவுக்குக் கீழே புகார்ப் பெட்டியை மாட்டிவிட்டு, சாவி யாரிடம் என்றும் தெரியாமல், பெட்டி காலி, எல்லோருக்கும் திருப்தி என்று ரிப்போர்ட் எழுதுகிறவர்களை என்ன சொல்வது!

பதில் கடிதத்துக்கு வருவோம். 'தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். உயர்தரச் சேவையே எங்கள் நோக்கம்.' இது பதிலே இல்லை. வீங்கிய கை பற்றிய அந்தப் புகாருக்கு எழுதும் பதில் இப்படி இருக்கலாம்: 'இரவு 11 மணிக்கும் 2 மணிக்கும் நீங்கள் சொன்னது நர்ஸ் குறிப்பில் எழுதப்படவில்லை. காலை 6 மணிக்குத்தான் ஊசி மாற்றப்பட்டது. அது எங்கள் தவறு, மன்னிக்கவும். இப்போது ஒவ்வொரு ஷிப்டிலும் ஊசி போட்ட இடத்தைப் பார்த்து 0 (நலம்) முதல் 5 (மோசம்) வரை மதிப்பெண் எழுத சார்ட்டில் கட்டம் சேர்த்திருக்கிறோம். 2 அல்லது அதற்கு மேல் வந்தால் ஊசியை எடுத்து வேறு இடத்தில் போட வேண்டும்.' மன்னிப்புக் கேட்டால் கோர்ட்டில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் எங்கும் உண்டு. இங்கிலாந்தில் 2006இல், மன்னிப்பு மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். இங்கே வக்கீலைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள், ஆனால் நடந்ததை மறைக்கும் கடிதத்தை எந்த வக்கீலும் காப்பாற்ற மாட்டார்.

மாதம் ஒரு முறை எல்லாப் புகாரையும் சேர்த்துப் பாருங்கள். எந்த வார்டு, எந்த ஷிப்ட், எந்தப் படி என்று அடுக்குங்கள். 'புகார் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்கணும்' என்று இலக்கு வைத்தால் அடுத்த மாதமே குறைந்துவிடும், ஏனென்றால் யாரும் எழுத மாட்டார்கள். பதில் போக எத்தனை நாள் ஆனது, அதே புகார் திரும்ப வந்ததா, இந்த இரண்டையும் எண்ணினால் போதும். ஆள் பெயரையும் பார்க்கத்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2000 முதல் 2011 வரை சுகாதாரப் புகார் ஆணையங்களுக்கு வந்த புகார்களை ஆராய்ந்தபோது, 3 சதவீத டாக்டர்கள் மீதே 49 சதவீதப் புகார்கள் இருந்தன. அப்படி ஒருவர் உங்களிடம் இருந்தால் மூடிய அறையில் பேச வேண்டும், மீட்டிங்கில் அல்ல.

கேட்டுக்கொண்டிருக்கும் நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் சில வார்த்தை. முதலில் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் அப்போதே சொல்லுங்கள். தீராவிட்டால் எழுத்தில் கொடுங்கள்: ஐ.பி. நம்பர், கட்டில் எண், தேதி, மணி, நடந்தது, நீங்கள் கேட்பது. நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்கவும் சொல்கிறது. கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் 2017 திருத்தப்படி, டெபுடி கமிஷனர் (மாவட்ட ஆட்சியர்) தலைமையில் மாவட்டப் பதிவு மற்றும் குறைதீர்ப்பு ஆணையம் இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரி மீதான புகாரை அங்கே கொண்டுபோகலாம். இறந்தவர் உடலைப் பில் பாக்கிக்காகப் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அந்தத் திருத்தத்தில் உண்டு. டாக்டரின் தொழில் நடத்தை பற்றியது என்றால் கர்நாடக மருத்துவ கவுன்சில். நஷ்டஈடு என்றால் நுகர்வோர் ஆணையம், 2 ஆண்டுக்குள். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. அங்கே மேற்பார்வையாளர் அலுவலகத்தில்தான் மனு கொடுக்க வேண்டும்.

எங்கே கொடுத்தாலும், மனுவின் அடியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 'இந்தப் புகாரின் பேரில் எந்த நடைமுறை மாற்றப்பட்டது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.' நோட்டில் அந்தக் கட்டம் இல்லாதவர்கள் அன்றைக்காவது ஸ்கேலைத் தேடுவார்கள்.

நன்றி. வணக்கம்.