கட்டிலுக்குத் தடை: நுமான்சியாவின் உரோமானியப் பாசறை

வணக்கம் நண்பர்களே. பண்டைக்காலப் படை என்றதும் நமக்குப் போர்க்களம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நீண்ட படையெடுப்பில் ஒரு வீரனின் பெரும்பாலான நாட்கள் பாசறையிலேயே கழிந்தன. அந்த வாழ்க்கையைப் பார்க்க எனக்குப் பிடித்த இடம், இன்றைய ஸ்பெயினின் வடபகுதியிலிருந்து உரோமை எதிர்த்துப் போரிட்ட நுமான்சியா நகரம்.

கி.மு. 134இல் உரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ எமிலியானுஸ் அங்கே தலைமை ஏற்க வந்தபோது, உரோமானியப் பாசறை ஏறக்குறைய ஒரு சந்தையாகவே மாறியிருந்தது. வணிகர்களும் விலைமகளிரும் அங்கேயே தங்கியிருந்தார்கள். அடுத்தடுத்த தோல்விகளால் அஞ்சிப்போன வீரர்கள் ஓயாமல் குறி கேட்டதால், குறிசொல்பவர்களுக்கும் நல்ல வருமானம். எல்லோரையும் அவர் வெளியேற்றினார். பெண்கள் மட்டும் 2,000 பேர் என்கிறது ஒரு பழைய குறிப்பு. இத்தகைய முழு எண்களை நான் சற்று ஐயத்துடனேயே பார்ப்பேன்.

அடுத்து அவர் கை வைத்தது மூட்டை முடிச்சுகளில். இறைச்சி சுட ஒரு கம்பி, ஒரு வெண்கலப் பானை, ஒரு குவளை ஆகியவற்றைத் தவிர வேறு பாத்திரம் எவரிடமும் இருக்கக் கூடாது. இறைச்சியை வேகவைத்தோ சுட்டோ மட்டுமே உண்ண வேண்டும். கட்டிலுக்கும் தடை விதித்த அவர், தாமே முதலில் வைக்கோலில் படுத்தார் என்று வரலாற்றாசிரியர் அப்பியான் எழுதுகிறார். பயணத்தில் கோவேறு கழுதை மீது ஏறிச் செல்லவும் அனுமதி இல்லை. நடக்கவே முடியாதவன் போரில் என்ன செய்யப் போகிறான் என்பது அவருடைய கேள்வி. போதாக்குறைக்கு, 30 நாள் தானியத்தையும் அரணுக்கான 7 மரக்கழிகளையும் ஒவ்வொருவரும் சுமக்க வேண்டியிருந்தது.

இவற்றைவிடக் கடுமையானது மண்வேலை. நாள்தோறும் புதிய பாசறை அமைத்து அதை இடிப்பது, ஆழமான அகழி தோண்டி அதையே மூடுவது, உயர்ந்த சுவர் எழுப்பித் தகர்ப்பது என்று விடியல் முதல் மாலை வரை அவர்களை வேலை வாங்கி, தாமே மேற்பார்வையிட்டார். தோண்டிய பள்ளத்தையே மூடச் சொன்னால் எந்த வீரன்தான் முணுமுணுக்க மாட்டான்? ஆனால் ஸ்கிப்பியோ அந்நகரைத் தாக்கிப் பிடிக்க விரும்பவில்லை. சுற்றிலும் அகழியும் சுவரும் அமைத்துப் பட்டினி போடவே எண்ணினார். 8 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட அந்தச் சுவரை எழுப்பியவர்கள் இதே வீரர்கள்தான், கி.மு. 133இல் நுமான்சியா பசியால் பணிந்தது.