லாம்பரேனே: காட்டு நடுவே ஒரு மருத்துவமனை எப்படி நடந்தது?

(திரையில்: பழுப்பு நிற ஆறு, இரு கரையிலும் அடர்காடு)

மத்திய ஆப்பிரிக்காவில், காபோன் நாட்டின் ஒகோவே நதிக்கரையில் இருக்கிறது லாம்பரேனே. 1913 ஏப்ரலில் ஆல்பர்ட் ஷ்வைட்சரும் அவர் மனைவி ஹெலேனவும் எழுபது பெட்டிகளைக் கட்டிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். ஷ்வைட்சர் அப்போது ஜெர்மனியிலும் இன்று பிரான்சிலும் உள்ள அல்சாஸ் பகுதிக்காரர். இறையியல் கற்பித்தவர், ஆர்கன் என்ற தேவாலய இசைக்கருவியை வாசிப்பதில் ஐரோப்பா அறிந்த கலைஞர். முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்து மிஷனரி மருத்துவராக வந்தார்.

இந்தத் தியாகக் கதை பலருக்கும் தெரியும். நான் சொல்ல விரும்புவது அதற்குப் பிந்தைய அன்றாடப் பாடுகளைப் பற்றி. கூரை, அரிசி, மருந்துப் புட்டி, மொழிபெயர்ப்பு: மிஷன் மருத்துவமனை பிழைப்பதும் படுப்பதும் இவற்றில்தான்.

முதலில் கட்டடமே இல்லை. பழைய கோழிக்கூடு ஒன்றுக்கு வெள்ளையடித்து, அலமாரி வைத்து, அதையே சிகிச்சை அறையாக்கினார்கள். ஜன்னல் கிடையாது. கூரை ஓட்டை வழியே வெயில் இறங்கியதால் மருத்துவர் உள்ளேயும் தொப்பியைக் கழற்ற முடியவில்லை. முதல் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 2,000 நோயாளிகள் வந்தார்கள். மலேரியா, தொழுநோய், ஒருவகை ஈ பரப்பும் தூக்க நோய், குடலிறக்கம், ஆறாத புண்கள். செவிலியர் பயிற்சி பெற்றிருந்த ஹெலேன அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுத்தார், கருவிகளைப் பராமரித்தார், துணிகளையும் கவனித்தார். வீட்டு வேலை வேறு.

நோயாளிகளின் மொழி இவர்களுக்குத் தெரியாது. அங்கேதான் ஜோசப் அசோவானி வருகிறார். சமையல்காரராக வேலை பார்த்த உள்ளூர்க்காரர். உடல் உறுப்புகளைக் கசாப்புக்கடைப் பெயர்களால் சொல்வார். ஒருவருக்கு வலது ஆட்டுத்தொடையில் வலி என்பார். மருத்துவருக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் இல்லாமல் அந்த மருத்துவமனையின் முதல் ஆண்டு நடந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

(திரையில்: கயிற்றில் கோத்த வட்ட அட்டை, அதில் ஓர் எண்)

இந்த அட்டையைப் பாருங்கள். ஒவ்வொரு நோயாளியின் கழுத்திலும் நார்க்கயிற்றில் இது தொங்கும். பதிவேட்டில் அதே எண்ணுக்கு எதிரே பெயர், நோய், கொடுத்த மருந்து எல்லாம் இருக்கும். மாதங்கள் கழித்து வந்தாலும் பழைய விவரத்தை எடுத்துவிடலாம்.

தினமும் காலையில், காத்திருப்போர் முன்பு மருத்துவரின் விதிகளை உரக்க அறிவிப்பார்கள். மருத்துவர் வீட்டருகே துப்பக்கூடாது. கூச்சல் போடக்கூடாது. எல்லோரையும் காலையிலேயே பார்க்க முடியாது என்பதால் ஒரு நாள் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவர வேண்டும். அனுமதி இல்லாமல் இரவு தங்கக்கூடாது. மருந்து கொடுத்த புட்டியையும் தகர டப்பாவையும் திருப்பித் தர வேண்டும். அந்த ஈரக் காற்றில் காகிதத்தில் மடித்த மருந்து கெட்டுப்போகும். இறுக மூடிய புட்டியோ டப்பாவோ வேண்டும், அதுவும் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும்.

கடைசி விதிதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. மாத நடுவில் நீராவிப் படகு ஆற்றில் மேலே போய்த் திரும்பும்வரை அவசர நோயாளிகள் மட்டும் வரலாம். காரணம், மருத்துவர் அப்போது மருந்து கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். அந்தப் படகைத் தவறவிட்டால் மருந்தும் தள்ளிப்போகும். கடிதம் எழுதுவதும் அங்கே வைத்தியம்தான்.

முதல் உலகப் போர் எல்லாவற்றையும் நிறுத்தியது. பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் ஜெர்மன் குடிமக்கள் என்பதால் தம்பதியர் காவலில் வைக்கப்பட்டு, 1917இல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆர்கன் கச்சேரிகள், சொற்பொழிவுகள் என்று பணம் திரட்டி 1924இல் ஷ்வைட்சர் திரும்பியபோது கூரைகள் இற்றுக் கிடந்தன. காலையில் மருத்துவர், பிற்பகலில் கட்டட மேஸ்திரி என்று மாதங்கள் போயின. உடல்நலமும் சிறு மகளும் காரணமாக ஹெலேன அந்த முறை உடன் வர முடியவில்லை. அந்தப் பிரிவையும் கணக்கில் சேர்க்காமல் மிஷனரி வாழ்க்கையைப் புகழ்வது நியாயமில்லை.

1925இல் பஞ்சமும் வயிற்றுக்கடுப்பும் சேர்ந்து வந்தன. மரவியாபாரத்துக்காக ஆட்கள் காடு வெட்டப் போய்விட, பயிரிடுவது குறைந்துபோயிருந்தது. நோயாளிக்கும் அவரோடு வந்த உறவினருக்கும் அரிசி தேடுவது பெரும் வேலையானது. தொற்று உள்ளவர்களைத் தனியே வைக்க இடமில்லை. அதனால்தான் ஆற்றில் சுமார் 3 கிலோமீட்டர் மேலே காடு வெட்டி, 1927 தொடக்கத்தில் மருத்துவமனையையே இடம் மாற்றினார்கள். அங்கேயும் உறவினர்கள் கூடவே தங்கிச் சமைத்துக்கொண்டார்கள். ஊர்போல இருக்கட்டும், அப்போதுதான் மக்கள் பயமின்றி வருவார்கள் என்பது ஷ்வைட்சரின் எண்ணம்.

இந்தக் காலத்தில் நிர்வாகத்தைத் தாங்கியவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பெண்கள். 1924இல் வந்த செவிலியர் மத்தில்ட கோட்மன், 1925இல் வந்த ஆசிரியை எம்மா ஹவுஸ்க்னெக்ட். சமையல், தோட்டம், சரக்கறைச் சாவி, வரவேற்பு, கடிதப் போக்குவரத்து என்று பத்தாண்டுக் கணக்கில் உழைத்தார்கள். எம்மா 1956இல் இறக்கும்வரை அந்த ஊழியத்தை விடவில்லை. 1952ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு ஷ்வைட்சருக்குக் கிடைத்து, அந்தப் பணம் தொழுநோயாளர் குடியிருப்புக்குப் போனபோது, பரிசில் இவர்களின் வியர்வையும் இருந்தது.

குறையையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கரைச் சகோதரர் என்ற ஷ்வைட்சர், தன்னை மூத்த சகோதரராக வைத்தே பேசினார். பொறுப்பான பதவிகளில் ஐரோப்பியர்களே இருந்தார்கள். வேலூரில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918லேயே இந்தியப் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியிருந்தார். அந்த வழியை லாம்பரேனே எடுக்கவில்லை. என் பார்வையில் ஷ்வைட்சரின் மிகப் பெரிய இழப்பு அதுதான். ஜோசப் போன்றவர்களின் பிள்ளைகள் அங்கேயே மருத்துவராகியிருக்கலாம்.

(திரையில்: இன்றைய மருத்துவமனை வளாகம்)

ஷ்வைட்சர் 1965இல் லாம்பரேனேயிலேயே இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 1981இல் புதிய கட்டடங்கள் வந்தன. மருத்துவமனையும் அதையொட்டிய ஆய்வு மையமும் இன்றும் இயங்குகின்றன. 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்த முதல் மலேரியா தடுப்பூசியின் பரிசோதனைகள் நடந்த இடங்களில் லாம்பரேனேயும் ஒன்று.