காமாலைக் கண்ணும் சதுரங்கப் பலகையும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆத்திகர் ஒருவரும் நாத்திகர் ஒருவரும் பேசப்போகிறார்கள் என்றால் நம்மூரில் முதலில் கேட்பது, "நடுவர் யார்?" என்றுதான். மணியடிக்க ஒருவர் வேண்டும், கடைசியில் தீர்ப்புச் சொல்லவும் ஒருவர் வேண்டும். 1948 ஜனவரி 28ஆம் தேதி லண்டன் பிபிசி வானொலியில் இரண்டு பேர் கடவுள் உண்டா இல்லையா என்று வாதாடினார்கள். நடுவரும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அந்தப் பேச்சின் எழுத்து வடிவத்தை இன்றைக்கும் தத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள்.

ஒருவர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், பிரிட்டிஷ் தத்துவ ஞானி, வயது 75. தாம் ஏன் கிறிஸ்தவன் இல்லை என்று 1927லேயே மேடையேறிச் சொன்னவர். இன்னொருவர் ஃபிரடெரிக் கோப்பிள்ஸ்டன், இயேசு சபைப் பாதிரியார், வயது 40. தாத்தாவும் பேரனும் என்று சொல்ல முடியாவிட்டாலும், அப்பாவும் பிள்ளையும் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ரஸ்ஸலுக்குச் சபைக்காரர்கள் மேல் கோபம் கொள்ளக் காரணம் இருந்தது. 1940இல் நியூயார்க்கில் அவருக்குக் கிடைத்த கல்லூரி வேலைக்கு ஓர் ஆயர் எதிர்ப்புக் கிளப்ப, விவகாரம் நீதிமன்றம் வரை போய், வேலையே ரத்தானது. எட்டு வருஷம் கழித்து ஒரு பாதிரியாரோடு உட்கார்ந்து பேசும்போது அந்தக் கசப்பின் நெடிகூட அவர் பேச்சில் இல்லை.

கோப்பிள்ஸ்டன் முதலில் செய்த காரியத்தைப் பாருங்கள். "கடவுள் என்று நாம் எதைச் சொல்கிறோம்? உலகத்திலிருந்து வேறான, உலகத்தைப் படைத்த பரம்பொருள், ஆளுமை உடையவர். இதை ஒத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். ரஸ்ஸல் ஒத்துக்கொண்டார். கடவுள் இல்லை என்று நிரூபிக்க முடியும் என்கிறீர்களா என்பது அடுத்த கேள்வி. இல்லை, நான் அக்னாஸ்டிக் என்றார் ரஸ்ஸல். அதாவது, இருக்கிறாரா இல்லையா என்பது நமக்குத் தெரியாது என்கிற கட்சி. எதைப் பற்றிச் சண்டை என்பதை இப்படிச் சண்டைக்கு முன்பே முடிவு செய்துகொண்டார்கள். டீக்கடை விவாதங்களில் பாதி இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் கைகலப்பில் முடிகிறது என்பது என் அபிப்பிராயம்.

அக்னாஸ்டிக் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. முதல் உலகப் போரை எதிர்த்ததற்காக 1918இல் ரஸ்ஸலைப் பிரிக்ஸ்டன் சிறையில் அடைத்தார்கள். வாசலில் விவரம் எழுதிக்கொண்ட காவலர் மதம் என்ன என்று கேட்டார். "அக்னாஸ்டிக்" என்றார் இவர். அதற்கு எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்ன காவலர், பெருமூச்சு விட்டுவிட்டு, "மதங்கள் எத்தனையோ இருக்கு. எல்லாரும் கும்பிடறது ஒரே சாமியைத்தானே" என்றாராம். ஒரு வாரம் அந்த நினைப்பிலேயே உற்சாகமாக இருந்ததாக ரஸ்ஸலே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

சரி, வாதத்துக்கு வருவோம். கோப்பிள்ஸ்டன் கையில் எடுத்தது லைப்னிட்ஸ் என்ற ஜெர்மன் தத்துவ ஞானியின் வாதம். உலகத்தில் ஒவ்வொன்றும் இன்னொன்றைச் சார்ந்து நிற்கிறது. அப்படியானால் எதையும் சாராத ஒன்று, எல்லாவற்றுக்கும் காரணமாக, இருந்தாக வேண்டும் என்பது அதன் சாரம். லைப்னிட்ஸைப் பற்றி 1900லேயே தனிப் புத்தகம் எழுதியவர் ரஸ்ஸல். அவர் வீட்டுக்கே போய் அவரிடமே மல்லுக்கட்டியது போலத்தான். ரஸ்ஸல் அசரவில்லை. "ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு தாய் உண்டு. அதனால் மனித குலத்துக்கே ஒரு தாய் இருக்க வேண்டுமா?" என்று கேட்டார். பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றும் சொன்னார். பாதிரியார் சும்மா விடுவாரா? சதுரங்கப் பலகை முன்னால் உட்காரவே மாட்டேன், காய் நகர்த்தவே மாட்டேன் என்பவரைத் தோற்கடிக்க முடியாதுதான் என்றார். இரண்டுமே நல்ல அடி. யாரும் முகம் சுளிக்கவில்லை.

அறம் பற்றிய பகுதிக்கு வந்ததும் பேச்சு கனத்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. நல்லது கெட்டதை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டார் கோப்பிள்ஸ்டன். நீலத்தையும் மஞ்சளையும் எப்படிப் பிரிக்கிறோம், பார்த்துத்தானே, அப்படித்தான் இதுவும். இங்கே பார்ப்பதற்குப் பதில் உணர்வு என்றார் ரஸ்ஸல். நாஜிகளின் பெல்சன் வதை முகாமின் தலைவன் செய்ததை இழுத்தார் பாதிரியார்: உங்களுக்கும் எனக்கும் அது கொடுமை, ஹிட்லருக்கு அது நல்லதாகத் தெரிந்திருக்குமே? அப்போது ரஸ்ஸல் சொன்ன பதில் நமக்குப் பழக்கமானது. காமாலை வந்தவனுக்கு மஞ்சள் இல்லாததும் மஞ்சளாகத்தானே தெரியும்! "காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்று நம் பாட்டிமார் சொன்னதேதான். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் காமாலை யாருக்கு, எனக்கா அவனுக்கா என்று சொல்ல எந்த வைத்தியர்? அந்த இடத்தில் ரஸ்ஸல் கொஞ்சம் தடுமாறினார் என்றே எனக்குப் படுகிறது. பிரபஞ்சம் பற்றிய பகுதியில் அவர் பக்கம்தான் பலம். கோப்பிள்ஸ்டன் பக்கம் சாய்பவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்லக்கூடும்.

வாதம் முடிந்து யாரும் கட்சி மாறவில்லை. கோப்பிள்ஸ்டன் தம் பெரிய தத்துவ வரலாற்றை ஒவ்வொரு தொகுதியாக எழுதிக்கொண்டு போனார். 1966இல் வந்த எட்டாம் தொகுதியில் ரஸ்ஸலுக்கு மட்டும் மூன்று அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்.

1949இல் கோப்பிள்ஸ்டன் இன்னொரு நாத்திகருடன் பிபிசியில் மோதினார். அவர் ஏ. ஜே. அயர் என்ற தத்துவ ஞானி, கடவுள் பற்றிய பேச்சே அர்த்தமற்றது என்றவர். இருவரும் பிற்காலத்தில் நல்ல நண்பர்கள். 1988இல் மீன் துண்டு தொண்டையில் சிக்கி அயரின் இதயம் நான்கு நிமிடம் நின்றுபோனது. பிழைத்து எழுந்தவர், ஒரு சிவப்பு ஒளியைக் கண்டதாகப் பத்திரிகையில் எழுத, ஊரே பரபரத்தது. சாவோடு எல்லாம் முடிந்துவிடும் என்ற உறுதி சற்றே தளர்ந்திருக்கிறது, ஆனாலும் முடிந்துவிடும் என்றே நம்ப விரும்புகிறேன் என்று அதிலேயே எழுதியிருந்தார். பிறகு அந்தத் தளர்ச்சியையும் திருத்தி இன்னொரு கட்டுரை எழுதினார். அவர் மனைவியின் கணிப்பு வேறு: "செத்துப் பிழைத்த பிறகு மனுஷர் ரொம்ப நல்லவராகிவிட்டார்."

நன்றி, வணக்கம்.