கருவாட்டு மூட்டையும் ஒரு 'ஓகே'யும்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, பாம்பன் மக்களே, வணக்கம். 'நம் பேச்சுக்குப் போதுமானது சரியா, ஓகேயா?' என்பது தலைப்பு. நான் சரியின் பக்கம். நேரே கருவாட்டுக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் ஆத்தா நெத்திலிக் கருவாடு போடுகிறார். மதுரை வியாபாரி ஒருவருக்கு மாதிரிக்குக் கொஞ்சம் அனுப்பிவிட்டு, "ஐயா, சரக்கு எப்படி?" என்று போனில் கேட்டார். அவர் "ஓகே" என்றார். அவ்வளவுதான், ஆத்தா மணலை உதறி, 20 கிலோவைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வியாபாரி சொன்ன ஓகேக்கு அர்த்தம் என்ன தெரியுமா? சுமார்! மூட்டை திரும்பி வந்துவிட்டது. மறுபடி சொல்கிறேன், கேளுங்கள். ஆத்தாவுக்கு ஓகே என்றால் 'அனுப்பு', அவருக்கு ஓகே என்றால் 'சுமார்', நடுவில் பஸ் கூலி ரெண்டு தடவை. 'சுமார்தான் ஆத்தா' என்று சொல்ல அந்த மனிதருக்கு எத்தனை நேரம் ஆகும்? சரி, பரவாயில்லை, ஆகட்டும், பார்க்கலாம், வேண்டாம் என்று நம்மிடம் தனித்தனியாக இருப்பதையெல்லாம் ஒரே சாக்கில் கட்டினால் இப்படித்தான்.

எதிரணித் தம்பி, "இவங்க கருவாடு மாதிரி, பழசையே காயப்போடுறாங்க" என்றார். கைதட்டினீர்கள். தம்பி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும்போது உங்கள் வீட்டுச் சட்டியில் கொதித்தது எது? அந்தப் பழசுதானே! அப்புறம், ஓகே மட்டும் நேற்றுப் பிடித்த மீனா? 1839 மார்ச் 23-ல் அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் அச்சான சொல். 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே 'ஓல் கொரெக்ட்' என்று தப்பாக எழுதி, அதைச் சுருக்கி விளையாடினார்கள். அவர்கள் விளையாட்டு அவர்களுக்கு அழகு. ஆனால் கருவாட்டை விட உங்கள் ஓகேதான் தம்பி ரொம்ப நாளாகக் காய்கிறது!

இன்னும் ஒன்று. என் தம்பி துபாயில் வேலை பார்க்கிறான். "சாப்பிட்டியா, உடம்பு தேவலையா?" என்று அம்மா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளை தட்டி அனுப்பும். அவனிடமிருந்து வந்த பதில் 'கே'. ஓகேயில் இருந்த ரெண்டு எழுத்தில் ஒன்றும் போய்விட்டது. அம்மா போனை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மிச்சம் எங்க தாயி?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டார். கடலுக்குப் போகும்போது எங்கள் அப்பா "வாரேன்" என்பார், அம்மா "சரி, பார்த்து வாங்க" என்பார். அந்தச் சரியை வாங்காமல் அப்பா படியிறங்கியதில்லை.

தம்பியிடம் சொன்னேன். அன்று ராத்திரி குரல் பதிவு வந்தது: "சரிம்மா. சாப்பிட்டேன்மா." அம்மா அதை நாலு தடவை கேட்டுவிட்டுத்தான் படுத்தார்.