காயணும், சிவக்கக் கூடாது: வீட்லயே க்ரம்ப்ஸ்

கேட்டுச்சா? இன்னொரு தடவ நொறுக்குறேன், மைக்குக்குப் பக்கத்துலயே. இந்தச் சத்தம் வந்தாதான் பிரெட் காஞ்சிருக்குன்னு அர்த்தம். கட்லெட்டுக்கும் மீனுக்கும் மேல ஒட்டுற க்ரம்ப்ஸ்தாங்க இன்னைக்கு.

பழைய பிரெட்னாலே காஞ்ச பிரெட்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லங்க. நாள் ஆக ஆக பிரெட் விறைப்பாகும், ஆனா உள்ள ஈரம் இருக்கும். அப்படியே மிக்ஸியில போட்டா உருண்டை புடிச்சு பிளேடுக்கு அடியில அப்பிக்கும். அதனால பிச்சுப் போட்டு, ஓவன்ல 120 டிகிரியில ஒரு 20 நிமிஷம். நடுவுல ஒரு தடவ புரட்டி விடுங்க. ஓவன் இல்லன்னா அடிகனமான கடாய், அடுப்பு சிம்ல.

இப்ப இதப் பாருங்க, கேமராகிட்ட கொண்டு வர்றேன். நிறமே மாறல. வெள்ளையாத்தான் இருக்கு, ஆனா விரல்ல அழுத்துனா பொடியுது. இதத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்: காயணும், சிவக்கக் கூடாது. இப்பவே சிவந்துட்டா எண்ணெயில போட்டதும் கறுத்துடும், உள்ள இருக்கற சிக்கன் வெந்திருக்காது. அதுவே பொரிக்காம ஓவன்ல வைக்கப் போறீங்கன்னா தலைகீழ். அந்தச் சூட்டுல க்ரம்ப்ஸ் சிவக்கறதுக்குள்ள உள்ள வறண்டு போயிடும். அதுக்கு மட்டும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு முன்னாடியே பொன்னிறமா வறுத்துக்கோங்க.

மிக்ஸிய விட்டு விட்டு மூணு நாலு சுத்துதான். மாவா ஆக்கிடாதீங்க.

பாங்கோன்னு ஒண்ணு இருக்கு, ஜப்பான் க்ரம்ப்ஸ். பிரெட் மாவுக்குள்ள மின்சாரத்தப் பாய்ச்சி அந்தச் சூட்டுலயே வேக வைப்பாங்க. ஓரமே கட்டாது, அதான் செதில் செதிலா வருது. நம்ம பிரெட்ல ஓரத்த வெட்டிட்டு, ஃப்ரீசர்ல கொஞ்சம் விறைக்க விட்டு, துருவல்ல பெரிய கண்ணுல துருவி, அப்புறம் காய வையுங்க. கிட்டத்தட்ட அதே மொறுமொறுப்பு. வெட்டுன ஓரத்தத் தூக்கிப் போடாதீங்க, அரைச்சு கட்லெட்டுக்குள்ள சேருங்க, நல்லா பிடிப்பு கொடுக்கும்.

பிரெட் இல்லையா? கார்ன்ஃப்ளேக்ஸ கவர்ல போட்டுக் கையாலயே நொறுக்கலாம். அதுல சர்க்கரை இருக்கறதால சீக்கிரம் சிவந்துடும், தீயக் குறைச்சுக்கோங்க. ரவை மெல்லிசா, கரகரன்னு இருக்கும், மீனுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். ஓட்ஸ் சீக்கிரமே மெத்துனு ஆயிடுது, நான் இப்ப போடறதில்ல.

ஒட்டும்போது மொதல்ல மீன், சிக்கன் துண்ட ஈரம் போகத் துடைங்க. அப்புறம் மைதா, அடிச்ச முட்டை, கடைசியா க்ரம்ப்ஸ். மைதா மிச்ச ஈரத்த இழுத்துக்கும், அப்பதான் முட்டை வழுக்காம நிக்கும். முட்டை வேணாம்னா தோசை மாவு பதத்துல மைதா கரைசல். உப்பு, மிளகுத்தூள் எல்லாம் மைதாவுலயே கலந்துடுங்க, மேல போட்டா தீஞ்சு கசக்கும். ஒரு கையி ஈரத்துக்கு, ஒரு கையி க்ரம்ப்ஸுக்கு. ஒட்டுன பிறகு 10 நிமிஷம் அப்படியே விடுங்க, அவசரப்பட்டா எண்ணெயில உரிஞ்சு வந்துடும்.

தட்டுல மீந்தத மட்டும் திரும்ப டப்பாவுல போடாதீங்க. பச்சை முட்டையும் கறியும் பட்டது அது, குப்பைக்குத்தான். தொடாதத நல்லா ஆற வச்சு, மூடி போட்டு ஃப்ரீசர்ல வையுங்க.

சரி, எண்ணெய் காஞ்சிருக்கும். 170லேருந்து 180 டிகிரி. ஒரு துளி க்ரம்ப்ஸ் போடறேன்... பாத்தீங்களா, உடனே நுரைச்சு மேல வந்துடுச்சு. இந்தா, மொதத் துண்டு உள்ள போகுது.