ஷிஷ்கினின் காடும் கற்ற கையும்

நேயர்களுக்கு வணக்கம். முறிந்து சாய்ந்த பைன் மரத்தின்மேல் கரடிக்குட்டிகள் ஏறி விளையாடும் ரஷ்ய ஓவியம் ஒன்றை உங்களில் பலர் எங்காவது அச்சில் பார்த்திருப்பீர்கள். 1889இல் இவான் ஷிஷ்கின் வரைந்த ‘பைன் காட்டில் காலை’ அது. உலகறிந்த அந்தக் கரடிகளைத் தீட்டியவர் அவருடைய நண்பர் சாவிட்ஸ்கி. காடு மட்டுமே ஷிஷ்கினுடையது. அந்தக் காட்டைத் தீட்டிய கை எங்கே, எப்படிப் பழகியது என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

காமா ஆற்றங்கரையில், பைன் காடுகள் சூழ்ந்த யெலபுகா என்ற சிற்றூரில், 1832இல் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார் ஷிஷ்கின். 1852இல் மாஸ்கோ ஓவியப் பள்ளியிலும், 1856இல் பீட்டர்ஸ்பர்க் கலைக் கழகத்திலும் சேர்ந்தார். புராணக் காட்சிக்கும் வரலாற்றுக் காட்சிக்கும் முதல் மரியாதை தந்து, நிலக்காட்சியைக் கீழ்ப்படியில் வைத்திருந்த கழகம் அது. ஆனால், கண் கண்டதைக் கை பிசகாமல் கோட்டில் கொண்டுவரும்வரை மாணவனை விடாத கண்டிப்பும் அங்கே இருந்தது. கோடை விடுமுறைகளில் லடோகா ஏரியிலுள்ள வாலாம் தீவுக்குப் போய், பாறையையும் பாசியையும் வேர்களையும் பென்சிலாலும் பேனாவாலும் வரைந்து வரைந்து பழகினார். அந்தத் தீவின் காட்சிகளே 1860இல் அவருக்குத் தங்கப் பதக்கத்தையும் வெளிநாடு சென்று பயில்வதற்கான உதவித்தொகையையும் பெற்றுத் தந்தன. அடுத்து சூரிக், பிறகு டுசெல்டார்ஃப். அங்கே அவர் பேனாவால் வரைந்த காட்டுக் கோட்டோவியங்களை ஜெர்மானியர்களே வியந்தார்கள்.

1865இல் நாடு திரும்பியவர், கழகத்தின் போக்கோடு முரண்பட்டு ஊர் ஊராகக் கண்காட்சி நடத்தப் புறப்பட்ட ஓவியர் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். பாடத்திட்டத்தின் விருப்பங்களை உதறினாரே தவிர, அது பழக்கிய கையை அவர் உதறவில்லை. 1872இல் தீட்டிய, வியாட்கா மாகாணத்துப் பைன் காட்டைக் காட்டும் படத்தின் அருகே சென்று பாருங்கள். முன்னால் ஒரு சிற்றோடை. தெளிந்த நீருக்கடியில் செம்பழுப்புக் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. ஒரு மரத்தின் உச்சியில் தேன்கூடு இருக்க, இரண்டு கரடிகள் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கின்றன. அடிமரத்தில் கருத்து வெடித்த தடித்த பட்டை, மேலே போகப் போக மெலிந்து செம்பொன் நிறமாகிறது. பைன் மரத்தை அறிந்தவர்கள் அதன் இயல்பே அதுதான் என்பார்கள்.

இலை இலையாக எண்ணி வரைகிறார், இதில் உணர்ச்சி எங்கே என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நேசிக்காத ஒன்றை நாற்பது ஆண்டுகள் ஒருவரால் இவ்வளவு உற்றுப் பார்க்க முடியாது. செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் கலையிலும் அவர் தேர்ந்தவர். வண்ணமே இல்லாத அந்த அச்சுகளில்கூட இது தளிர், இது முற்றிய இலை என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

கடைசிப் பெரும்படமான ‘கப்பல் மரத் தோப்பு’ 1898இல் முடிந்தது. அதற்காக அவர் தேர்ந்த இடம் பிறந்த ஊரான யெலபுகாவின் காடு. வெயில் விழும் அடிமரங்கள் சட்டத்தையும் தாண்டி மேலே போகின்றன; உச்சி நம் கண்ணுக்குப் படுவதில்லை. அதே ஆண்டு மார்ச் மாதம், புதிய படமொன்றைத் தொடங்கி ஓவியச் சட்டத்தின் முன் அமர்ந்திருந்தபோதே ஷிஷ்கின் காலமானார்.