அரசரே பயந்த தூரிகை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "ஐரோப்பிய அரண்மனை ஓவியர்கள் தீட்டியது உண்மை முகமா, ஒப்பனை முகமா?" என்ற கேள்விக்கு, உண்மை முகமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி அவர்கள் ஓவியர் வின்டர்ஹால்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1865இல் அவர் வரைந்த ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் படத்தைச் சொல்லி, கூந்தலில் வைர நட்சத்திரங்களோடு இப்படி ஒரு பெண் இருந்திருப்பாளா என்று கேட்டார்கள். சரி, வின்டர்ஹால்டர் அழகு கூட்டுவார். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சோறு பதம் என்பது ஒரே பானையில் வெந்த சோற்றுக்குத்தான் ஐயா!

பெண் பார்ப்பதற்காக ஓவியர் ஹோல்பைன் வரைந்த ஜெர்மன் இளவரசி ஆன் ஆஃப் கிளீவ்ஸின் படத்தைப் பார்த்து இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி ஏமாந்துபோனார் என்றார்கள். 1540 ஜனவரியில் கல்யாணம், ஜூலையில் ரத்து. சம்பந்தம் பேசி முடித்த அமைச்சர் கிராம்வெல்லின் தலை அதே ஜூலையில் போயிற்று. படம் வரைந்தவருக்கு? ஒன்றும் ஆகவில்லை. 1543இல் சாகும்வரை அரசரின் ஓவியராகவே இருந்தார். படம் பொய்யென்று நினைத்திருந்தால் ஹென்றி சும்மா விட்டிருப்பாரா?

இப்போது ஸ்பெயினுக்கு வருகிறேன். அரசர் நான்காம் பிலிப் 1653இல் ஒரு கடிதம் எழுதுகிறார். ஒன்பது ஆண்டுகளாகத் தன் படம் வரையப்படவில்லை, அரண்மனை ஓவியர் வெலாஸ்கெஸின் ஆமை வேகத்துக்கு உட்காரவும் மனமில்லை, தனக்கு வயதாகிக்கொண்டே போவதைப் பார்க்கவும் மனமில்லை என்கிறார். பூசி மெழுகுகிற ஓவியர் முன்னால் உட்கார எந்த அரசராவது தயங்குவாரா? அப்புறம் அவரை வெலாஸ்கெஸ் வரையத்தான் செய்தார். அந்தப் படம் மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது: வெறும் கறுப்பு உடை, கிரீடம் இல்லை, தளர்ந்த கன்னம், களைத்த கண்கள், அவர் பிறந்த ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் அந்த நீண்ட தாடை.

பின்னாளில் வந்த ஸ்பெயின் அரண்மனை ஓவியர் கோயாவும் இதே வழிதான். 1800இல் தொடங்கிய அரச குடும்பப் படத்தில், அரசர் நான்காம் கார்லோஸின் அக்கா நெற்றிப்பொட்டில் இருந்த கறுப்புத் திட்டைக்கூட விடாமல் வரைந்துவைத்தார்.

ஆனால் என் மனத்தை விட்டுப் போகாத படம் வேறு. 1659இல் வெலாஸ்கெஸ் வரைந்த, நான்காம் பிலிப்பின் மகன் இளவரசர் ஃபெலிப்பே ப்ராஸ்பெரோ. பிள்ளைக்கு இரண்டு வயது. பட்டத்துக்குரிய மூத்த மகன் 1646இல் இறந்தபின், வராது வந்த ஆண் வாரிசு. படமோ வியன்னாவில் உள்ள சொந்தக்காரப் பேரரசருக்குப் போகவேண்டியது. முகத்துதிக்காரர் என்ன செய்திருப்பார்? கொழுகொழுவென்று ஒரு குட்டிச் சிங்கத்தை வரைந்திருப்பார். வெலாஸ்கெஸ் வரைந்ததைப் பாருங்கள். இருட்டான அறை. வெளுத்த முகம். நாற்காலி முதுகின்மேல் வலுவில்லாமல் கிடக்கிற சின்னக் கை. நாற்காலியில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி. வெள்ளை மேலாடையின்மேல் சிறு மணியும் தாயத்துகளும் தொங்குகின்றன. அரண்மனையே இந்தப் பிள்ளை பிழைக்கவேண்டுமே என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பயத்தை அவர் ஒளிக்கவில்லை. தாயத்துகளில் ஒன்றை மறைத்திருந்தால்கூட நாம் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

அடுத்த ஆண்டு வெலாஸ்கெஸ் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, நான்கு வயது நிறையும் முன்பே அந்தப் பிள்ளையும் போய்விட்டது. நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுமுன் அந்தச் சின்னக் கையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வணக்கம்.